எஃப் ஒன் அணி எஞ்சினை மாற்றினால் காரில் என்னவெல்லாம் மாறும்?

மெக்லாரன்-மெர்சிடிஸ், வில்லியம்ஸ்-ரெனோ, லோட்டஸ்-ஃபோர்டு என்று ஃபார்முலா ஒன்னில் எங்கே பார்த்தாலும் இரட்டைப் பெயர்கள்தான், புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் முதலில் குழம்புவதும் இங்கேதான். விஷயம் எளிது. முதல் பெயர் காரைக் கட்டியவருடையது, இரண்டாவது எஞ்சின் கொடுத்தவருடையது. இரண்டும் ஒரே கம்பெனி என்றால் ஃபெராரி மாதிரி ஒரே பெயரோடு முடிந்துவிடும். மற்றபடி பெரும்பாலான அணிகள் எஞ்சினை வெளியிலிருந்துதான் வாங்குகின்றன. 2026 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் 11 அணிகள், ஆனால் எஞ்சின் தயாரிப்பவர்கள் 5 பேர்தான். மெர்சிடிஸ் தன் சொந்த அணியோடு சேர்த்து 4 அணிகளுக்குக் கொடுக்கிறது, ஃபெராரி 3 அணிகளுக்கு, ரெட் புல்-ஃபோர்டு 2 அணிகளுக்கு, ஹோண்டாவும் ஆடியும் ஆளுக்கு ஒரு அணிக்கு.

வாங்குகிற பொருள் என்றால் கடையை மாற்றவும் செய்யலாம் இல்லையா? மாற்றுகிறார்கள். "இந்த அணி அடுத்த ஆண்டு முதல் அந்த எஞ்சினுக்குப் போகிறது" என்று ஒரு செய்தி வந்தால் ரசிகர்கள் நடுவே பெரிய விவாதமே நடக்கும். ஒரு எஞ்சினைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பொருத்துவதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது, ஏனென்றால் எஃப் ஒன் காரில் எஞ்சின் என்பது காருக்குள் உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை, அதுவே காரின் ஒரு பகுதி.

நாம் ஓட்டும் சாதாரண காரில் எஞ்சினை வெளியே எடுத்துவிட்டாலும் கார் கார் மாதிரியே நிற்கும். எஃப் ஒன் காரில் எஞ்சினை எடுத்தால் கார் இரண்டு துண்டாகிவிடும். ஓட்டுநர் உட்காரும் கார்பன் ஃபைபர் கூடு இருக்கிறதே, அதன் பின்சுவரில் எஞ்சினை நேரடியாக போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். எஞ்சினின் பின்பக்கத்தில் கியர்பாக்ஸ், அந்த கியர்பாக்ஸின் மேலே பின்சக்கர சஸ்பென்ஷன். வளைவில் காரை முறுக்கும் விசை முழுவதும் எஞ்சின் வழியாகத்தான் போய்வரும். 1967-இல் கொலின் சாப்மனின் லோட்டஸ் 49 காரும் கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினும் இந்த ஏற்பாட்டை நிலைநிறுத்தின. ஃபோர்டு போட்ட பணத்தில் உருவான அந்த எஞ்சின், முதன்முதலாக ஓடிய நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் கையில் ஜெயித்தது. அதற்குப் பிறகு எல்லோரும் இதே வழிக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நடுவிலிருக்கும் துண்டு மாறினால் அதற்கு முன்னால் இருக்கும் கூடும் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸும் அதற்கேற்ப மாற வேண்டும். 2009-இல் பிரான் ஜிபி அணிக்கு நடந்ததைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 2008 டிசம்பரில் ஹோண்டா திடீரென்று எஃப் ஒன்னை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஹோண்டா எஞ்சினுக்காகவே வடிவமைத்த அடுத்த ஆண்டு கார் கையில் இருக்கிறது, எஞ்சின் இல்லை. அணியின் தலைவராக இருந்த ராஸ் பிரான் அதைக் கையில் எடுத்து, மெர்சிடிஸிடம் எஞ்சின் வாங்கினார். ஆனால் அந்த எஞ்சின் இந்தக் காருக்குள் நுழையவில்லை. கூட்டின் பின்பகுதியை வெட்டிச் சரிசெய்துதான் பொருத்தினார்கள். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் உயரமும் வேறு, அதனால் கியர்பாக்ஸை அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்க முடியாமல் எஞ்சினுக்கு எங்கே பொருந்துமோ அங்கே வைத்தார்கள். ஒரு பந்தயக் காருக்கு இது பெரிய சமரசம். இவ்வளவு அவசர வேலைக்குப் பிறகும் மார்ச் மாதக் கடைசியில் மெல்பர்னில் அந்தக் கார் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. 17 பந்தயங்களில் 8 வெற்றி, ஜென்சன் பட்டனுக்கு ஓட்டுநர் பட்டம், அணிக்கும் பட்டம். காரின் காற்றியக்க வடிவமைப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால், எஞ்சினும் நல்ல எஞ்சினாக அமைந்ததால், வெட்டி ஒட்டியதைத் தாங்கிக்கொண்டது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

இப்போதெல்லாம் எஞ்சினை எந்த இடத்தில் போல்ட் போட வேண்டும், கிராங்க்ஷாஃப்ட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் விதிகளே சொல்லிவிடுகின்றன. 2014-இல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் எஞ்சின்கள் வந்தபோது இந்தக் கட்டுப்பாடும் வந்தது. அப்படியானால் மாற்றுவது சுலபமாகிவிட்டதா? இல்லை, சிக்கல் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. இன்றைக்கு அதற்கு எஞ்சின் என்ற பெயரே கிடையாது, பவர் யூனிட் என்கிறார்கள், ஏனென்றால் பெட்ரோல் எஞ்சின், டர்போ, பிரேக் போடும்போது மின்சாரம் எடுத்துத் திருப்பித் தரும் மோட்டார், பேட்டரி, இவற்றை ஆட்டிவைக்கும் மின்னணுப் பெட்டிகள் என்று அது ஒரு குடும்பம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் இவற்றை ஒவ்வொரு விதமாக அடுக்குவார்கள். 2014-இல் மெர்சிடிஸ் டர்போவை இரண்டாகப் பிரித்துக் காற்றை அழுத்தும் பகுதியை எஞ்சினுக்கு முன்னாலும், புகையால் சுழலும் பகுதியைப் பின்னாலும் வைத்தது. ஃபெராரியும் ரெனோவும் அப்படிச் செய்யவில்லை. டர்போவின் இடம் மாறினால் காற்றுக் குழாய் போகும் வழி மாறும், புகைக்குழாய் மாறும், கூடவே கூலிங் மாறும்.

கூலிங்கைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எஞ்சின், எண்ணெய், டர்போ அழுத்திய சூடான காற்று, பேட்டரி எல்லாவற்றையும் குளிரவைக்க ரேடியேட்டர்கள் வேண்டும். அவை காரின் இரண்டு பக்கமும் உப்பலாக இருக்கும் பகுதிகளுக்குள் இருக்கின்றன. அதிகச் சூட்டைத் தாங்கி ஓடும் எஞ்சினுக்குச் சின்ன ரேடியேட்டர் போதும், பக்கவாட்டை ஒல்லியாகச் செதுக்கலாம், பின்சிறகுக்குக் காற்று சுத்தமாகப் போய்ச் சேரும். சூடு தாங்காத எஞ்சின் என்றால் ரேடியேட்டர் பெருக்கும், உடலும் பெருக்கும், காற்று தடுமாறும். ஆக, எஞ்சின் சப்ளையர் மாறினால் காரின் வெளித்தோற்றமே மாற வேண்டியிருக்கும். குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்று ரசிகர்கள் கணக்குப் போடும் நேரத்தில், அணியின் வடிவமைப்பாளர் முதலில் கேட்பது எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்பதாக இருக்கும்.

2021-இல் மெக்லாரன் ரெனோவிலிருந்து மெர்சிடிஸுக்கு மாறியது. கொரோனா காலத்துச் செலவைக் குறைக்க, 2020 கார்களையே பெரும்பாலும் 2021-இலும் ஓட்ட வேண்டும் என்று விதி. காரின் அடிப்படையில் எதையாவது மாற்ற வேண்டுமானால் அணிக்குக் கொடுத்திருந்த 2 டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும். மற்ற அணிகள் அந்த டோக்கன்களை வைத்து மூக்கையோ சஸ்பென்ஷனையோ மாற்றி வேகம் தேடின. மெக்லாரனுக்குப் புதிய எஞ்சினைப் பொருத்தும் வேலையிலேயே இரண்டும் தீர்ந்துவிட்டன. அதே ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் மெக்லாரன் ஓட்டுநர்கள் ரிக்கார்டோ முதலிடமும் நாரிஸ் இரண்டாமிடமும் வந்தபோது அந்தச் செலவு வீண் போகவில்லை என்று தெரிந்தது.

சரி, இனி முக்கியமான கதைக்கு வருவோம். எஞ்சின் மாற்றத்தைப் பற்றி ஒரே ஒரு உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் மெக்லாரன்-ஹோண்டாவைத்தான் சொல்வேன். இந்த ஜோடிக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு: 1988-இல் சென்னாவும் ப்ராஸ்ட்டும் ஓட்ட, 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற கூட்டணி இது. 2014 வரை மெர்சிடிஸ் எஞ்சினோடு ஓடிக்கொண்டிருந்த மெக்லாரன், 2015-இல் ஹோண்டாவுக்குத் திரும்பியது. அன்றைய தேதியில் மெர்சிடிஸ்தான் களத்திலேயே சிறந்த எஞ்சின், பிறகு ஏன் விட்டார்கள்? மெர்சிடிஸுக்குச் சொந்த அணி இருக்கிறது, நாம் வெறும் வாடிக்கையாளராக இருந்துகொண்டு அவர்களைத் தோற்கடிக்க முடியாது, நமக்கென்றே எஞ்சின் கட்டித் தரும் ஒரு கம்பெனி வேண்டும் என்பது மெக்லாரன் தலைவராக இருந்த ரான் டென்னிஸின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

மெக்லாரன் காரின் பின்பகுதி எவ்வளவு ஒல்லியாக முடியுமோ அவ்வளவு ஒல்லியாக வேண்டும் என்று விரும்பியது. ஹோண்டாவும் அதற்கு ஒத்துக்கொண்டு டர்போவை எஞ்சினின் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் குறுகலான பள்ளத்துக்குள் அடக்கியது. அந்த இடத்துக்குள் அடங்க டர்போ சின்னதாக இருக்க வேண்டும், டர்போ சின்னதானதால் அதோடு இணைந்திருந்த கருவியால் புகையிலிருந்து போதுமான மின்சாரம் எடுக்க முடியவில்லை, நேர்ச்சாலையில் பாதி தூரத்திலேயே மின்சார பலம் தீர்ந்து மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். எஞ்சின்கள் அடிக்கடி பழுதாகின. ஓர் ஆண்டுக்கு இத்தனை எஞ்சின்தான் என்று கணக்கு உண்டு, மீறினால் புறப்படும் வரிசையில் பின்னால் தள்ளுவார்கள். 2015 பெல்ஜியம் பந்தயத்தில் மெக்லாரனின் இரண்டு கார்களுக்கும் சேர்த்து 105 இடங்கள் தண்டனை விழுந்தது. வரிசையில் இருந்ததே 20 கார்கள்தான்! அந்த ஆண்டு ஹோண்டாவின் சொந்த மண்ணான சுசூகாவில், கம்பெனியின் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மெக்லாரன் ஓட்டுநர் அலோன்சோ ரேடியோவில் இது ஜிபி2 எஞ்சின் என்று கத்தினார். அதாவது கீழ்த்தரப் பந்தயங்களுக்கான எஞ்சின் என்று. மெக்லாரன் அந்த ஆண்டு 9-ஆவது இடம், மொத்தம் 27 புள்ளி.

2017-லும் 9-ஆவது இடம்தான். எங்கள் காரின் உடல் களத்திலேயே சிறந்தவற்றில் ஒன்று, எஞ்சின்தான் காலை வாருகிறது என்று மெக்லாரன் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு சுற்று மாற்று நடந்தது: மெக்லாரன் ஹோண்டாவை விட்டு ரெனோவுக்கு, ரெட் புல்லின் இரண்டாவது அணியான டோரோ ரோசோ ரெனோவை விட்டு ஹோண்டாவுக்கு, இதன் கூடவே ரெட் புல் வசம் இருந்த ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் கடனாக ரெனோ அணிக்கு. எஞ்சின் ஒப்பந்தம் ஓர் ஆளையும் சேர்த்து நகர்த்தும் என்று பலர் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? 2018-இன் இரண்டாவது பந்தயத்திலேயே, பஹ்ரைனில், டோரோ ரோசோ-ஹோண்டாவை ஓட்டிய கேஸ்லி 4-ஆவதாக வந்தார். மெக்லாரனோ ரெனோ எஞ்சினை மாட்டியும் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேறவில்லை. அதே ரெனோ எஞ்சினோடு ரெட் புல் அந்த ஆண்டு பந்தயங்களை ஜெயித்துக்கொண்டிருந்தது, ரெனோவின் சொந்த அணியும் மெக்லாரனுக்கு முன்னால் இருந்தது. ஒரே எஞ்சின் 3 கார்களில் ஓடும்போது சாக்குச் சொல்ல இடமில்லை. காரின் உடலிலும் பெரிய குறை இருக்கிறது என்பதை மெக்லாரன் அப்போதுதான் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டுகளாக எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்ததில் அது கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. இந்தப் பக்கம் ஹோண்டா, தன் எஞ்சினுக்கு இடம் கொடுத்துக் காரை வடிவமைக்கும் அணியோடு வேலை செய்ததில் நிதானம் கண்டது. டோரோ ரோசோவை வைத்துச் சோதித்துப் பார்த்த ரெட் புல் 2019-இல் தானும் ஹோண்டாவுக்கு மாறி, அந்த ஆண்டே ஆஸ்திரியாவில் ஜெயித்தது. 2021-இல் ரெட் புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் சாம்பியன்.

எஞ்சின் மாற்றம் ஓர் அணிக்கு முதலில் தருவது வேகத்தை அல்ல, தன்னைப் பற்றிய உண்மையை என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். பழைய காலத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. மெக்லாரன் 15 பந்தயம் வென்றதாகச் சொன்னேனே, அதே 1988-இல் லோட்டஸுக்கும் அதே ஹோண்டா எஞ்சின் இருந்தது, முந்தைய ஆண்டு சாம்பியன் பிக்கே ஓட்டினார், ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் எஞ்சினில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. ஹோண்டாவோடு 1987-இல் 9 பந்தயம் வென்று பட்டம் பெற்ற வில்லியம்ஸ், ஹோண்டா விட்டுப்போனதும் 1988-இல் டர்போ இல்லாத ஜட் எஞ்சினோடு ஓடி ஒரு வெற்றியும் இல்லாமல் 7-ஆவது இடத்தில் முடித்தது. ஜோர்டனும் அப்படித்தான். 1991-இல் ஃபோர்டு எஞ்சினோடு 5-ஆவது இடம், 1992-இல் யமஹாவோடு சீசன் முழுக்க ஒரே ஒரு புள்ளி.

வாடிக்கையாளர் அணிக்குத் தரம் குறைந்த எஞ்சினைத் தள்ளிவிடுவார்களா என்று புதியவர்கள் அடிக்கடி கேட்பார்கள். முன்பு அது நடந்ததுதான், பழைய ஆண்டின் எஞ்சினை விற்பதும் உண்டு. 2016-இல் டோரோ ரோசோ ஓட்டியது 2015 ஃபெராரி எஞ்சின். இப்போது விதி கறார். எந்த அணிக்குக் கொடுத்தாலும் ஒரே பொருள், ஒரே மென்பொருள், ஒரே விதமான இயக்க முறைகள். வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. சொந்த அணிக்கு எஞ்சினின் வடிவம் காகிதத்தில் இருக்கும்போதே தெரியும், இந்தக் குழாயைக் கொஞ்சம் நகர்த்து என்று சொல்லலாம். வாடிக்கையாளருக்கு முடிவான வடிவம்தான் வரும், அதைச் சுற்றிக் காரைக் கட்டிக்கொள்ள வேண்டும். இது உண்மையான பாதகம்தான், ஆனால் தாண்ட முடியாதது இல்லை. 2024-இல் மெர்சிடிஸ் எஞ்சின் வாங்கிய மெக்லாரன் அணிகளுக்கான பட்டத்தை வென்றது, எஞ்சினைக் கொடுத்த மெர்சிடிஸ் 4-ஆவது. 2025-இல் அணிப் பட்டத்தோடு நாரிஸுக்கு ஓட்டுநர் பட்டமும் சேர்ந்து வந்தது. ரான் டென்னிஸின் வாதத்துக்கு அவருடைய பழைய அணியே பதில் சொல்லிவிட்டது.

எல்லோரும் விரும்பிய எஞ்சினுக்கு மாறிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2010 முதல் 2013 வரை ரெனோ எஞ்சினோடு 4 ஆண்டும் பட்டம் வென்ற ரெட் புல், ஹைபிரிட் காலம் வந்ததும் ரெனோவோடு வெளிப்படையாகச் சண்டை போட்டது. 2015-இல் வேறு எஞ்சின் தேடிப் போனது. மெர்சிடிஸ் மறுத்தது, ஃபெராரியோடும் பேச்சு படியவில்லை. இவ்வளவு வலுவான அணிக்கு நல்ல எஞ்சினைக் கொடுத்து எதற்கு நாமே தோற்க வேண்டும் என்ற கணக்குதான். வேறு வழியில்லாமல் அதே ரெனோ எஞ்சினுக்கு டாக் ஹாயர் என்ற கடிகாரக் கம்பெனியின் பெயரை ஒட்டி 2016-இல் ஓடினார்கள். இந்தக் கூத்துக்குப் பிறகு விதியில் ஒரு பாதுகாப்பு வந்தது. ஓர் அணிக்கு எஞ்சினே கிடைக்கவில்லை என்றால், குறைந்த அணிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும்.

ஒப்பந்தம் ஆனதும் அடுத்த மாதமே மாறிவிடவும் முடியாது. அடுத்த ஆண்டுக் காரின் வேலை இந்த ஆண்டு பாதியிலேயே மும்முரமாக நடந்துகொண்டிருக்கும், அதற்குள் எஞ்சினின் அளவுகள் கையில் இருக்க வேண்டும். சீசன் நடுவில் மாற்றுவதெல்லாம் பழைய கதை, 1983-இல் சாண்ட்வோர்ட் பந்தயத்தில் மெக்லாரன் தன் புதிய டாக்-போர்ஷே டர்போவை ஓட்டுநர் நிக்கி லௌடாவின் காரில் மாட்டி இறக்கிய மாதிரி. இன்றைக்கு நடுவில் மாற்றினால் அணியின் புள்ளிக் கணக்கும் உடையும், ஏனென்றால் கார்-எஞ்சின் ஜோடிதான் ஓர் அணியாகக் கணக்கு.

அப்புறம், பெரிய மாற்றங்கள் ஏன் கும்பலாக ஒரே ஆண்டில் நடக்கின்றன? எஞ்சின் விதிகள் மாறும் ஆண்டில் எல்லோரும் எப்படியும் புதிதாகத்தான் தொடங்குகிறார்கள், மாறுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. 2022 முதல் 2025 வரை எஞ்சின் மேம்பாட்டையே நிறுத்திவைத்திருந்தார்கள், பின்தங்கியவர் பின்தங்கியபடியே இருக்க வேண்டியதுதான். 2026-இல் புகையிலிருந்து மின்சாரம் எடுத்த கருவி நீங்கி, சக்கரத்தோடு சேர்ந்து வேலை செய்யும் மோட்டாரின் பலம் 120 கிலோவாட்டிலிருந்து 350-ஆக உயர்கிறது, எரிபொருளும் முழுக்கப் புதுவகை. ரெனோ எஞ்சின் தயாரிப்பையே நிறுத்தியதால் அதன் சொந்த அணியான ஆல்பைன் மெர்சிடிஸுக்குப் போனது. ஃபெராரி எஞ்சினோடு பல ஆண்டுகள் ஓடிய சாபர், ஆடியாக மாறிச் சொந்த எஞ்சினுக்கு வந்தது. மெர்சிடிஸை விட்டு ஆஸ்டன் மார்டின் ஹோண்டாவோடு சேர்ந்தது. ஹோண்டாவை இழந்த ரெட் புல் ஃபோர்டை அழைத்துக்கொண்டு தன் வளாகத்திலேயே எஞ்சின் கட்டத் தொடங்கியது.

இப்படி ஓர் அணி மாறினால் முதல் குளிர்காலச் சோதனையில் எதைப் பார்க்க வேண்டும்? நேரப் பட்டியலை விடுங்கள், எத்தனை கிலோ எரிபொருளோடு யார் ஓடினார்கள் என்று வெளியே தெரியாது. ஒரு நாளில் எத்தனை சுற்று ஓடினார்கள் என்று பாருங்கள், புது எஞ்சினும் பழைய அணியும் ஒத்துப்போகின்றனவா என்பது அதில்தான் முதலில் தெரியும். எஞ்சின் மூடியில் கூடுதலாகக் காற்றுத் துளைகள் முளைத்திருக்கின்றனவா என்று கவனியுங்கள், முளைத்திருந்தால் கூலிங் கணக்கு எங்கோ தப்பியிருக்கலாம். பந்தயங்கள் தொடங்கிய பிறகு, அதே எஞ்சினை வைத்திருக்கும் இன்னோர் அணியின் நேரத்தோடு இவர்களின் நேரத்தை ஒப்பிடுங்கள். நேர்ச்சாலையில் இருவரும் சமமாகப் போய் வளைவுகளில் மட்டும் இவர்கள் நேரத்தை இழந்தால், சந்தேகப்பட வேண்டியது எஞ்சினை அல்ல.